ஊரைத் தொடங்கியவரின் கல்

ஓர் ஊரைத் தொடங்கியவர் யார் என்று கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. ஊருக்குள் நுழைந்ததும் ஓடு போட்ட கடை எது என்று பார்க்க வேண்டும். அந்தக் கடைக்காரர் இளநீர் வெட்டித் தருவார். குடித்துவிட்டு அவருடைய அப்பாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டால் முடிந்தது. கண்டிக்கு மேற்கே இருக்கிற சின்னச் சின்னக் கடைத்தெருக்களின் சரித்திரமெல்லாம் இப்படி எழுதப்பட்டதுதான். எழுதியவரை என் மாட்டுக் கரத்தையில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். அதனால் எனக்குத் தெரியும்.

ரயில் வந்த பிறகு கொழும்புப் பாதையில் கோப்பி மூட்டை ஏற்றுகிற வேலை எங்களுக்குக் குறைந்துவிட்டது. குருணாகல் பாதையில் தோட்டங்களுக்கு அரிசி கொண்டுபோவேன். அரிசி இல்லாத நாட்களில் சும்மா நிற்காமல் கண்டிப் பட்டணத்துக்காரர் யாராவது கூப்பிட்டால் போவேன். அப்படிக் கூப்பிட்டவர்தான் அந்தப் பிறக்கிறாசி ஐயா. யாழ்ப்பாணத்தார். கோர்ட்டில் கறுப்புக் கோட்டுப் போட்டு வழக்குப் பேசுகிறவர். கோர்ட்டு லீவு நாட்களில் அவருக்குச் சரித்திரம்.

கண்டியில் சில துரைமார் சேர்ந்து, கோப்பி வந்ததால் முளைத்த ஊர்களைப் பற்றி ஒரு புத்தகம் போடுவதாக இருந்தார்கள். சீமையில் ஒவ்வோர் ஊருக்கும் அதைத் தொடங்கியவர் என்று ஒருவர் இருப்பாராம். ஆகவே இங்கேயும் இருந்தாக வேண்டும். மேற்குப் பக்கத்தை ஐயா ஏற்றுக்கொண்டார். ஆளைக் கண்டுபிடித்ததும் ஊர் நடுவில் ஒரு கல் நட வேண்டும், கல்லைச் சுற்றி இடத்தைத் துப்புரவாக வைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

எனக்குப் படிப்பு கொஞ்சம்தான். பாதிரிமார் பள்ளியில் எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்கு இருந்தேன். பிறகு அப்பாவோடு கரத்தைக்குப் போய்விட்டேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் எனக்கு வராது. யாராவது நேராக ஏதாவது கேட்டால் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்த வயதிலும் அப்படித்தான். ஆனால் காது நன்றாகக் கேட்கும். பேசாதவன் பக்கத்தில் இருக்கிறான் என்பதே ஆட்களுக்கு மறந்துவிடும்.

முதலில் போன ஊரில் ஒரு முஸ்லிம் வியாபாரி இருந்தார். அவருடைய தகப்பனார் மாடுகளின் முதுகில் உப்பும் கருவாடும் ஏற்றித் தவளம் நடத்தியவர். ஐயா மடக்குக் கதிரையை விரித்து உட்கார்ந்து, "இந்த இடத்தை உங்கட தேப்பன் ஏன் தெரிஞ்செடுத்தவர்?" என்று கேட்டார்.

"தெரிஞ்செடுக்க இல்லீங்க. மாட்டுக்குக் கால் நொண்டிப் போச்சு. மாடு எந்திரிக்கிற வரைக்கும் வாப்பா இங்கின இரிந்தாரு. மாடு எந்திரிக்கவே இல்ல. வாப்பாவும் எந்திரிக்கல" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஐயாவுக்கு வரவில்லை. திரும்பி வரும்போது எழுதியதைத் தானே ஒருமுறை வாசித்துப் பார்த்தார். நல்ல நீரும் நிழலும் நான்கு பக்கப் பாதைகளும் சேர்கிற இடம் என்று கண்டு, வருங்காலத்தை முன்னறிந்து, அந்தப் பெரியவர் அங்கே தங்கினாராம். மாடு எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஊரில் மூன்று கடைக்காரர்கள் மூன்று அப்பாக்களோடு வந்து நின்றார்கள். கதிரையைச் சுற்றி ஒரே சத்தம். பக்கத்து வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு சிங்களக் கிழவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அவர் பாட்டனுக்குப் பாட்டன் காலத்து வயல் அது. ஊரைத் தொடங்கியது யார் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. அவர் இளநீர் தரவில்லை.

கலகெதரைக்குப் போகிற வழியில் இன்னொரு சின்னக் கடைத்தெரு இருக்கிறது. பெயர் வேண்டாம். பாதை ஓரத்தில் ஒரு பலா மரம், அதற்குக் கொஞ்சம் தள்ளி மலையிலிருந்து தண்ணீர் விழுகிற பீலி ஒன்று. எதிரே ஓடு போட்ட ஒரு பெரிய கடை. பீலிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு குடிசையில் ஒரு பெண் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடல் தாண்டி வந்து, கடற்கரையிலிருந்து நடந்து வருகிற தோட்டத்து ஆட்கள் அந்தத் தண்ணீரைக் குடித்து, அவளிடம் கஞ்சி வாங்கிக் குடித்து, மரத்தடியில் படுத்துவிட்டுப் போவார்கள். அவளும் அப்படி ஒரு கூட்டத்தோடு வந்தவள்தான். வழியில் காய்ச்சல் கண்டு விழுந்தபோது ஆள் கூட்டிவந்த கங்காணி அவளைப் பீலிக்கரையில் விட்டுவிட்டுக் கூட்டத்தோடு மேலே போய்விட்டான். அவள் சாகவில்லை. எழுந்து அடுப்பு மூட்டினாள். வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அவளைப் பல வருஷமாகத் தெரியும். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அங்கேதான் நிறுத்துவேன்.

ஓட்டுக் கடைக்காரர் சுத்த சைவம். நெற்றியில் மூன்று பட்டை. கடைக்குப் பக்கத்து அறையில் அவரும் சோறு போடுகிற கடை நடத்தினார். ஆனால் தோட்டத்து ஆட்கள் அவர் படியை ஏற மாட்டார்கள். ஏறினால், "எட்டி நில்லு, எட்டி நில்லு" என்பார். எட்டி நின்று சாப்பிடுவதற்கு அவர்களுக்குக் குடிசை இருந்தது. அது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஐயா போய் இறங்கிய அன்று இளநீர் இரண்டு வந்தது. கடைக்காரர் தன் தகப்பனாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். காடாகக் கிடந்த இடத்தில் வந்து முதல் கடை போட்டாராம். வருகிறவர்கள் எல்லாருக்கும் தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தாராம். அந்தத் தகப்பனாரை நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா காலத்தில், கடை நிழலில் கரத்தையை நிறுத்தியதற்காகக் கையில் கம்போடு ஓடி வந்தவர். கொடுத்த தண்ணீர் பீலித் தண்ணீர். அது அவருக்கு முன்னாலும் விழுந்துகொண்டிருந்தது.

"கல்லு எங்க நடலாம்?" என்று ஐயா கேட்டார்.

"பீலிப் பக்கத்துலதாங்க. அங்கதான் அப்பா மொத மொதல்ல குந்துனது" என்றார் கடைக்காரர். கையை நேராகக் குடிசையின் பக்கம் நீட்டினார்.

ஐயா எழுந்து போய்ப் பார்த்தார். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பார். நீ இஞ்ச வரேக்க அந்தக் கடை இருந்ததோ?"

"இருந்துச்சுங்க. நான் பொறகு வந்தவ."

"ஓம். விளங்குது" என்றார் ஐயா. அவள் வழக்கு அதோடு முடிந்தது. யார் முதலில் வந்தது என்பது ஒன்றுதான் கேள்வி. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் சரித்திரத்துக்குக் குப்பை. பொய் சொல்லியிருந்தாலாவது ஒரு சச்சரவு கிளம்பியிருக்கும். அவளுக்குக் கேள்வியின் விஷம் தெரியவில்லை.

கல் வருகிறது, குடிசை போக வேண்டும் என்று ஊர் அதிகாரியான ஆராச்சி வந்து சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அடுத்த முறை நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நின்றபோது கஞ்சிக் கலயத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. கல்லை மரத்துக்கு அந்தாண்ட நட்டாப் போதும். அவங்க அப்பா அந்தாண்ட குந்தியிருக்கக் கூடாதா?"

நான் காலைப் பார்த்தேன்.

"உங்க மாட்டுக்கிட்ட மட்டும் பேசுறீங்கள்ல? அதுக்கிட்டச் சொல்லி வைங்க. அதாச்சும் ஐயாகிட்டச் சொல்லட்டும்."

"சொல்றேன்" என்றேன்.

"நான் எங்க போவேன்ணே? தோட்டத்துல பேர் பதியவும் மாட்டாங்க, இந்த ஒடம்புக்கு. ஊருக்குப் போகக் கடலைத் தாண்டணும். இந்தத் தண்ணிய விட்டா எனக்கு என்ன இருக்கு?"

அடுத்த தடவை ஐயாவை ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் வந்தபோது, இறக்கத்தில் மாடுகள் நிதானமாகப் போகிற இடத்தில், மனதில் பலமுறை சொல்லிப் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். கல்லைக் கொஞ்சம் தள்ளி நட்டால் அந்தப் பெண்ணின் குடிசை தப்பும் என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது.

ஐயா கோபிக்கவில்லை. "கல்லு நடுறது எங்கட வசதிக்கில்லைக் காணும். சரித்திரம் நடந்த இடத்திலதான் நடோணும். உமக்கு அது விளங்காது. நீர் மாட்டைப் பாரும்" என்றார்.

மாட்டைப் பார்த்தேன். சரித்திரத்தைத் தூக்கி வைத்தது ஒரு கடைக்காரரின் சுட்டு விரல். அந்த விரலை இரண்டு முழம் நகர்த்த முடியாதாம்.

கல் நட்ட அன்று நானும் அங்கே இருந்தேன். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த கருங்கல். மேல் பக்கம் வளைவாகக் கொத்தி, முகத்தில் இங்கிலீசு எழுத்து. ஊரில் அதை வாசிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை; பணம் போட்ட கடைக்காரருக்கும் தெரியாது. ஐயா பேசினார். ஆராச்சி பேசினார். கடைக்காரர் பேச எழுந்து அழுதுவிட்டார். பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். நம் ஆட்கள் ஒரு கல்லை நிறுத்திவிட்டுச் சும்மா வருவார்களா? பாலும் தண்ணீரும் ஊற்றிக் கழுவினார். சந்தனம் அப்பினார். குங்குமம் வைத்தார். மாலை போட்டார். சூடம் கொளுத்திச் சுற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஒரு வாரத்துக்குள் குடிசையைப் பிரித்துவிட வேண்டும் என்று ஆராச்சி அவளிடம் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து அரிசி ஏற்றிக்கொண்டு அதே பாதையில் வந்தேன். அவள் கூரைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் மாடுகளை அவிழ்த்துப் பீலிக்குக் கொண்டுபோனேன். பொழுது சாய்கிற நேரம். குருணாகல் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. முன்னால் ஒரு கங்காணி. தலையில் முண்டாசு, கையில் தடி. பின்னால் நடக்க மாட்டாமல் நடக்கிற ஆண்களும் பெண்களும். இரண்டு பேரைத் தொட்டிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். காய்ச்சல்.

கங்காணி கல்லைப் பார்த்தான். வாடிய மாலை, காய்ந்த சந்தனம், அடியில் சூடம் எரிந்த கரி. தடியைக் கீழே போட்டான். முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டினான்.

"இது போன தடவ இல்லையே. என்ன சாமி, யக்கா?"

"எனக்கென்ன தெரியும். புதுசா வந்திருக்கு. அது வந்ததும் என்னைய வெரட்டுது" என்றாள் அவள், கயிற்றிலிருந்து கையை எடுக்காமல்.

"வெரட்டுதா? அப்பத் துடியான சாமிதான்." என் பக்கம் திரும்பினான். "கரத்தைக்காரண்ணே, என்ன சாமி இது? காவல் சாமியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வழக்கம்போலக் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைப் பயபக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். நாலைந்து பெண்கள் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அப்போது எதிர்க் கடையிலிருந்து கடைக்காரர் ஓடி வந்தார். "ஏய், ஏய்! எட்டி நில்லு! அது எங்கப்பாடா!"

கங்காணி கும்பிட்ட கையை இறக்கவில்லை. "உங்க அப்பாங்களா மொதலாளி? எறந்துட்டாரா?"

"எறந்துதான் பத்து வருசமாச்சே!"

"எப்பிடி எறந்தாரு?"

"காய்ச்சல்ல. ஏன்டா?"

கங்காணி கூட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "கேட்டீங்களா? காய்ச்சல்ல போனவரு. காய்ச்சலைப் பிடிச்சு வைக்கிறவரு இவருதான்."

கிழவன் ஒருவன் கேட்டான்: "சுருட்டுக் குடிக்குமா?"

"கேட்டுப் பாரு. வேணாம்னா சொல்லப் போகுது?"

காலத்துக்கு முன்னே காய்ச்சலிலோ வெட்டுக்குத்திலோ செத்தவர்களைக் கும்பிடுகிற சனம் அது. ஊரில் அவர்களுடைய சாமிகள் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். கடைக்காரர் தன் வாயாலேயே தன் தகப்பனாரைக் கொண்டுபோய் அந்த வரிசையில் உட்கார வைத்துவிட்டார். அவர் மேலும் மேலும் கத்தினார். கத்தக் கத்த, சாமியின் மகன் மேல் அருள் வந்திருக்கிறது என்று அவரையும் சேர்த்துக் கும்பிட்டார்கள். யாரோ ஒருவன் கூடையிலிருந்து சேவலை எடுத்தான். நான் மாடுகளைத் திருப்பினேன். சேவல் ஒரு சத்தம் போட்டது. கடைக்காரர் அதைவிடப் பெரிய சத்தம் போட்டார். சுத்த சைவரான அவர் தகப்பனாரின் மேல் இரத்தம் வழிந்தது. காலடியில் சாராயம் ஊற்றினார்கள். சுருட்டைப் பற்றவைத்து, கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே இருந்த வெடிப்பில் செருகினார்கள். அது நன்றாகப் புகைந்தது.

எல்லாம் முடிந்து கங்காணி குடிசைப் பக்கம் வந்தான். "யக்கா, கூரையை ஏன் பிரிக்கிற?"

"சொன்னேன்ல. போகச் சொல்லிட்டாங்க."

"நீ போயிட்டா யாரு வெளக்கு வைக்கிறது? வெளக்கில்லாம சாமிய விட்டுட்டுப் போனா எங்க மேலதான் வந்து ஏறும். மேல வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிடுறேன். கட்டுக்கா, கட்டு."

இரண்டு ஆட்கள் ஏறி அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டினார்கள். அவள் கீழே நின்று, "இறுக்கிக் கட்டுங்கடா, சோறு திங்கல?" என்று அதட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சேவலில் ஒரு கால் அவளுக்கு வந்தது. அதை மிளகு போட்டுச் சமைத்தாள்.

காய்ச்சல்காரர் இருவரில் ஒருவன் மறுநாள் எழுந்து நடந்தான். மற்றவன் இரண்டு மைல்கட்டைக்கு அப்பால் செத்துப்போனான். நடந்தவன் கதைதான் பாதை முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமாக வந்த எந்தக் கூட்டமும் கல்லைச் சும்மா தாண்டவில்லை. கடைக்காரர் காலையில் எழுந்து சாணித் தண்ணீர் கரைத்து அப்பாவைக் கழுவுவார். மாலையில் இன்னொரு சேவல் வந்துவிடும். கல்லைப் பிடுங்கித் தன் கடை முற்றத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று ஆராச்சியிடம் போனார். ஆராச்சி, "அதைத் தொட நான் வரவில்லை" என்றுவிட்டார். கடப்பாரை பிடிக்கச் சொன்ன ஆட்கள் ஓடிவிட்டார்கள். கடைக்காரரின் சம்சாரமே புருஷனுக்குத் தெரியாமல் விளக்குக்கு எண்ணெய் கொடுத்து அனுப்பினாள் என்று கஞ்சிக்காரி என்னிடம் சொன்னாள். அதே கடையில்தான் ஆட்கள் தேங்காயும் சூடமும் வாங்கினார்கள். பிறகு கடைக்காரர் கழுவுவதை விட்டுவிட்டார்.

அவளுக்கும் தலைக்கனம் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். "சாமிக்கு நேரா மாட்டைக் கட்டாதீங்கண்ணே" என்று எனக்கே சட்டம் போட்டாள். பல வருஷமாக என் மாடு நிற்கிற இடம் அது. நான் தள்ளிக் கட்டினேன்.

ஆனாலும் ஐயா சொல்லிவிட்டுப் போன உத்தரவு அப்படியே இருந்தது. கல்லைச் சுற்றி எதுவும் இருக்கக் கூடாது. அவர் வந்து பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் ஆராச்சி பயத்தை விட்டுவிட்டுக் குடிசையைப் பிரிப்பார். அது அவளுக்கும் தெரியும். என் கரத்தைச் சத்தம் கேட்டால் முதலில் உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் பார்ப்பாள்.

கடைசியில் ஐயா வந்தார். புத்தகம் போடுகிற துரைமாரில் ஒருவரைத் தன் கல்லைக் காட்டக் கூட்டிவந்தார். துரை குதிரையில், ஐயா என் கரத்தையில். இறங்கிக் கல்லைப் பார்த்ததும் ஐயாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுத்துத் தெரியவில்லை. எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஒரு விரல் தடிப்புக்கு ஏறியிருந்தன. அடியில் சுருட்டுத் துண்டுகள், கோழி இறகு. ஐயா கல்லை நோக்கி வேகமாக நடந்தார்.

"ஐயா, சப்பாத்து!"

கஞ்சிக்காரி குடிசை வாசலில் நின்றாள். கையில் விளக்குமாறு.

"என்ன?"

"சப்பாத்தைக் கழட்டிட்டு வாங்க. சாமி இருக்கிற எடம்."

ஐயா வாயைத் திறந்தார். அதற்குள் துரை இங்கிலீசில் ஏதோ கேட்டார். கேட்டுக்கொண்டே, சிரித்துக்கொண்டே, குதிரைச் சப்பாத்துகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினார். துரை கழற்றிய பிறகு ஐயா என்ன செய்வார்? கீழே உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். கறுப்புக் கோட்டோடு வெறுங்காலில் சேற்றில் நின்று, துரைக்கு நெடுநேரம் விளக்கம் சொன்னார். ஒருமுறை அவள் பக்கம் கையைக் காட்டினார். துரை தலையை ஆட்டி ஏதோ குறித்துக்கொண்டார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

திரும்பி வரும்போதுதான் ஐயா தானாகச் சொன்னார். அவர் குரலில் வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை.

"துரை நல்லாச் சந்தோசப்பட்டுப் போனார். ஊரைத் தொடங்கினவரில சனம் எவ்வளவு பக்தி வைச்சிருக்கு எண்டு நான் விளங்கப்படுத்தினன். அதையும் புத்தகத்தில போடச் சொல்லிப்போட்டார்."

நான் மாட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அந்தப் பொம்பளைய என்னான்னு கேட்டாருங்களா?"

"ஓம், கேட்டவர். பெரியவரிட கோயிலைப் பாக்கிறவள், அவள் ஆதியில இருந்தே இஞ்சதான் எண்டு சொன்னன். பின்ன வேற என்னத்தைச் சொல்லுறது?"

"அப்பக் குடிசை?"

"கோயிலடியில பாக்கிற ஆள் இருக்கத்தானே வேணும்? புத்தகத்தில வந்திட்டுது. இனி ஆரும் கை வைக்கேலாது."

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது அவளிடம் சொன்னேன். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, காட்டோரம் போய் மானாப்புல் அறுத்து வரத் தொடங்கினாள். பழைய கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அரிசியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது ஏணி ஏறி, புல்லை அடுக்கிக் கட்டிக் கொடுத்தேன்.